கோடைப் பொழுதுபோக்கும் வீட்டு மின்செலவும்: தமிழகச் சூழலில் ஓர் ஆய்வு

கோடை விடுமுறையில் ஒரு குடும்பம் எப்படிப் பொழுதைக் கழிக்கிறது என்பதும், அந்த வீட்டுக்கு மின்கட்டணம் எவ்வளவு வருகிறது என்பதும் தனித்தனிச் செய்திகளாகவே பேசப்பட்டு வருகின்றன. முன்னதை வார இதழ்களின் விடுமுறைச் சிறப்பிதழ்கள் எடுத்துக்கொள்கின்றன. பின்னது மின்சிக்கனம் குறித்த துண்டறிக்கைகளோடு நின்றுவிடுகிறது. வீட்டில் உள்ள மின்விசிறியும் குளிர்சாதனமும் தாமாக ஓடுவதில்லை, அவற்றின் கீழ் யாரோ இருப்பதால்தான் ஓடுகின்றன என்ற எளிய உண்மையிலிருந்து தொடங்கினால், ஒரு நாளின் எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் எத்தனை அறைகளில் பிரிந்திருக்கிறார்கள் என்பதே மின்செலவைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பது தெரியவரும். அந்த இருப்பை மாற்றும் ஆற்றல் விளையாட்டுக்கும் உலாவுக்கும் திருவிழாவுக்கும் உண்டு. எது எவ்வளவு மாற்றுகிறது, எது மாற்றுவதுபோலத் தோற்றம் மட்டும் தருகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இந்தக் கேள்விக்கு இன்று அவசரமும் உண்டு. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை, அதாவது ஒரே நேரத்தில் மாநிலம் முழுவதும் இழுக்கப்படும் மின்திறன், 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற அளவைத் தொட்டது. அதே மாதத்தின் இறுதியில் நாடு முழுவதற்குமான தேவை 250 கிகாவாட் அளவுக்கு உயர்ந்தது. பகலில் சூரிய மின்சாரம் ஓரளவு கைகொடுக்கிறது. மே மாதத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வீசும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் சூரிய மின்சாரம் அடியோடு நின்றுவிட, அதே வேளையில் வீடுகளில் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் ஒன்றாக இயங்கத் தொடங்குகின்றன. ஆகவே கோடையில் மிச்சப்படுத்தப்படும் மின்சாரத்தில் மாலை ஏழு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே மிச்சமாவதற்கே மதிப்பு கூடுதல். பொழுதுபோக்கு என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி நிகழ்வதும் அந்த நேரத்தில்தான்.

அளவுகளைச் சற்று விளக்கிக்கொள்வது நல்லது. ஆயிரம் வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவது ஒரு யூனிட். பழைய வகைக் கூரை விசிறி 75 வாட் அளவில் இழுக்கிறது, பி.எல்.டி.சி. எனப்படும் புதிய வகை விசிறிக்கு 30 வாட் போதும். ஒன்றரை டன் குளிர்சாதனம் அதன் கம்ப்ரசர் முழுவேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 1,500 வாட் எடுத்துக்கொள்கிறது. இங்கே டன் என்பது கருவியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன், அதாவது சுமார் 3.5 கிலோவாட். விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, முன்னது ஆளைக் குளிர்விக்கிறது, பின்னது அறையைக் குளிர்விக்கிறது என்பதாகும். விசிறிக் காற்று வியர்வையை ஆவியாக்குவதால் உடல் குளிர்கிறதே தவிர அறையின் வெப்பநிலை ஒரு பாகையும் இறங்குவதில்லை. ஆகவே ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி முழுக்க முழுக்க விரயம்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்கு ஒருவர் கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கிறார், ஒருவர் சமையலறையில் இருக்கிறார், பிள்ளைகள் இருவரும் படுக்கையறையில் கைப்பேசியோடு இருக்கிறார்கள். மூன்று விசிறி, விளக்குகள், தொலைக்காட்சி என்று கூட்டினால் 350 வாட் அளவுக்கு வரும். நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை யூனிட். படுக்கையறையில் குளிர்சாதனமும் ஓடினால், கம்ப்ரசர் விட்டு விட்டு இயங்குவதைக் கணக்கில் கொண்டாலும், மேலும் நான்கு யூனிட் சேரும். இவர்கள் அனைவரும் வாரத்துக்கு மூன்று மாலைகள் வெளியே போய் இரவு பதினொரு மணிக்குத் திரும்பினால், இரண்டு மாதக் கணக்கில் குளிர்சாதனம் இல்லாத வீட்டில் நாற்பது யூனிட்டும், உள்ள வீட்டில் நூற்று நாற்பது யூனிட்டுக்குக் குறையாமலும் மிச்சமாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டு முறையில் இந்த வேறுபாடு சிறிதன்று. 2022ஆம் ஆண்டுக் கட்டணத் திருத்தத்தில், 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்குத் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடுமாறு அமைக்கப்பட்டதால், கோடையில் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்குச் சில மாலைகளே கட்டணத்தின் படியை மாற்றிவிடக்கூடும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது: அனைவரும். மூவர் கடற்கரைக்குப் போய் ஒருவர் குளிர்சாதன அறையில் தங்கிவிட்டால் மிச்சமாவது ஒரு யூனிட் அளவுதான், ஏனெனில் அறை நால்வருக்காகக் குளிர்ந்தாலும் ஒருவருக்காகக் குளிர்ந்தாலும் செலவு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒரு பொழுதுபோக்கின் சிக்கனத்தை அதன் எளிமையைக் கொண்டோ பழமையைக் கொண்டோ அளக்க இயலாது. அது அறையைக் காலி செய்கிறதா, குறைந்தது பல அறைகளில் இருந்தவர்களை ஓர் அறைக்குக் கொண்டுவருகிறதா என்பதே அளவுகோல். திரும்பி வந்ததும் சூடேறிய அறையைக் குளிர்விக்கக் கூடுதல் மின்சாரம் செலவாகும், அதனால் நிறுத்தாமலே போவது மேல் என்ற ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. அது சரியன்று. வெளியிலிருந்து அறைக்குள் புகும் வெப்பம் வெளி வெப்பத்துக்கும் உள் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. அறை சூடேறியிருக்கும் வேளையில் உள்ளே புகும் வெப்பம் குறைவு, குளிர்ந்தே இருந்தால் அது இடையறாது புகுந்துகொண்டே இருக்கும், கருவியும் அதை இடையறாது வெளியேற்றியாக வேண்டும். நிறுத்திச் சென்றவருக்குத் திரும்பியபின் அரைமணி நேரப் புழுக்கம் உண்டு. மின்சாரக் கணக்கில் அவருக்கு இலாபமே.

மாலை உலாவுக்குத் தமிழகக் கடற்கரை ஊர்களில் இயற்கையே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேற, நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருவதே கடற்காற்று. சென்னையில் அது நண்பகலை ஒட்டி வந்துவிடும் நாட்களில் வெயில் அடங்குகிறது. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில் வெப்பம் ஏறிவிடுகிறது. 2003 மே 31 அன்று அந்நகரில் 45 பாகை செல்சியசு பதிவாயிற்று. மெரினாவிலும் எலியட்சு கடற்கரையிலும் கோடை மாலைகளில் குடும்பம் குடும்பமாக மணலில் அமர்ந்திருப்பவர்கள், பல இலட்சம் ரூபாய்க் கருவிகள் தர வேண்டிய குளிர்ச்சியை ஒரு செலவுமின்றிப் பெறுகிறார்கள். உள்நாட்டில் அந்த இடத்தைத் தெப்பக்குளங்களும் ஏரிக்கரைகளும் பெற்றிருந்தன. 1645ஆம் ஆண்டளவில் திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில் இன்றும் மாலையானால் மதுரை மக்கள் காற்று வாங்க வருகிறார்கள். நீர் உள்ள குளம் வேறு, வறண்ட குளம் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீரற்ற குளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் திருப்பித் தரும் ஒரு கல்தொட்டிதான்.

உலாவுக்கு எப்படிப் போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ என்று கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் மூன்று யூனிட் மின்சாரத்துக்கு நிகர். பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குக் காரில் போய்த் திரும்பும் குடும்பம் இரண்டு லிட்டர் எரிக்கிறது, அதாவது ஆறு யூனிட்டுக்கு மேல். வீட்டில் மிச்சப்படுத்திய ஐந்தரை யூனிட் அதில் கரைந்துவிடுகிறது. மின்கட்டணம் குறைந்திருக்கலாம், எரிபொருள் குறையவில்லை. பேருந்திலும் புறநகர் ரயிலிலும் போகிறவர்களுக்கும், நடந்துபோகும் தொலைவில் ஒரு பூங்காவோ குளக்கரையோ கிடைத்தவர்களுக்கும் மட்டுமே இந்தக் கணக்கு முழுதாகத் தேறுகிறது. ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் மேற்கொள்ளும் கோடைப் பயணங்களை மின்சிக்கனத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது; அவற்றின் இன்பம் வேறு வகையைச் சேர்ந்தது.

பயணமே தேவைப்படாத இடம் மொட்டை மாடி, இவ்வாய்வில் அதற்கே முதன்மையான இடம் உண்டு. காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பில் விழுந்த வெப்பம் தளத்தின் கனத்தைக் கடந்து அடிப்பக்கத்துக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிடிப்பதால், வெயில் தாழ்ந்த பிறகுதான் மேல்தள வீடுகளில் கூரை அனல் கக்குகிறது. இதனை வெப்பத் தாமதம் என்பர். அதே நேரத்தில் தளத்தின் மேற்பரப்பு திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை வீசி விரைவாகக் குளிரத் தொடங்கிவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் கீழே இருப்பவருக்குப் புழுக்கமும் கூரையின் மேலே இருப்பவருக்குக் காற்றும் வாய்ப்பது இதனால்தான். பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போன தலைமுறைகள் இந்த இயற்பியலைப் பெயர் சொல்லாமல் அறிந்திருந்தன.

மாடியில் நீர் தெளிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்கு வேலை, தளத்துக்கு மருந்து. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதாவது ஆவியாதலின் உள்ளுறை வெப்பம், யூனிட் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. மாலை ஐந்தரை மணிக்கு மூன்று வாளி, ஏறத்தாழ 45 லிட்டர், தெளித்தால் அது முழுவதும் ஆவியாகும்போது முப்பது யூனிட் அளவு வெப்பம் விலகுகிறது. அதில் ஒரு பகுதி காற்றிலிருந்து எடுக்கப்படுவதால் முழுப் பயனும் தளத்துக்குக் கிட்டாது. எனினும் முதல் வாளி ஊற்றியதும் சுரீரென்று ஆவி எழுவதையும், மூன்றாம் வாளிக்குப் பிறகு வெறுங்காலோடு நடக்க முடிவதையும் கண்டவர்களுக்கு அதன் வலிமை விளங்கும். 2019 கோடையில் ஏரிகள் வற்றித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த சென்னையில் நல்ல தண்ணீரை மாடியில் ஊற்றச் சொல்வது பொறுப்பன்று. ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுநீரும், அரிசி களைந்த நீரும், காய்கறி அலசிய நீரும் இதற்குப் போதும். ஒரு நாள் முழுவதும் அவற்றை வாளியில் சேர்த்து வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டால் அதுவே அவர்களுக்கு ஒரு விடுமுறைப் பணியாகிவிடும். வேலூர், திருச்சி போன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இம்முறை விரைந்து பயன் தருகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் ஆவியாதல் மந்தமாவதால் பயனும் மட்டுப்படுகிறது. மண்பானைத் தண்ணீர் மதுரையில் சில்லென்று இருப்பதும் சென்னையில் அவ்வளவு குளிராததும் இதே காரணத்தால்தான்.

மாடியில் உறங்கும் ஓர் இரவு, விசிறி மட்டும் உள்ள வீட்டில் ஒரு விசிறிக்கு 0.6 யூனிட்டை மிச்சப்படுத்துகிறது. குளிர்சாதன அறையை விட்டு வந்தால் ஐந்து முதல் எட்டு யூனிட் வரை. இந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட பழக்கங்களில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறெதிலும் இல்லை. பங்குனி மாதத்திலேயே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்பட்டுக் கீழறைகளும் குளிரும். அதைக் குடும்பமாகச் சேர்ந்து செய்யலாம், சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

திண்ணை விளையாட்டுகளின் பங்கு வேறு வகையானது. இரண்டு வரிசைகளில் பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழி, தாயம், பரமபதம், மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் ஆடுபுலி ஆட்டம் ஆகியவை மின்சாரம் கேட்பதில்லை என்று புகழப்படுகின்றன. ஒரு கைப்பேசியை நாள்தோறும் மின்னேற்ற ஆகும் செலவு ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் என்பதால் அந்தப் புகழ்ச்சிக்கு மின்கணக்கில் பெரிய பொருளில்லை. அவற்றின் உண்மையான சிக்கனம், தனித்தனி அறைகளில் இருக்கும் நால்வரை ஒரே விசிறியின் கீழ், ஒரே விளக்கின் கீழ் உட்காரவைப்பதில் இருக்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டத்தைப் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து ஒரே தொலைக்காட்சியில் பார்ப்பதும் அதே பணியைத்தான் செய்கிறது. பழைய விளையாட்டு என்பதால் ஒன்று சிக்கனமும், புதியது என்பதால் மற்றொன்று விரயமும் ஆகிவிடாது.

கோடைச் சமையலைப் பற்றிச் சொல்லும்போது வற்றல், வடகம் போடுவது முதலில் நினைவுக்கு வருகிறது. விடியலுக்கு முன்னே அரிசிக் கூழ் கிண்டி, மாடியில் விரித்த பழைய வேட்டியில் பிழிந்து, காக்கைக்குக் கறுப்புக் குடை கட்டி, மறுநாள் துணியின் பின்பக்கம் நீர் தெளித்து வடகத்தை உரித்தெடுக்கும் அந்த வேலையில் உலர்த்தும் பணி முழுவதையும் வெயில் செய்துவிடுகிறது. கூழ் காய்ச்சவும் பின்னர் பொரிக்கவும் எரிவாயு செலவாவதால் ஆற்றல் மிச்சம் என்று பெரிதாகச் சொல்ல இயலாது. காவல் காக்கும் பிள்ளைக்கு அது விளையாட்டு, நான்கு மணிக்கு எழுந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அது உழைப்பு. வீட்டுச் சிக்கனம் பற்றிய எழுத்துகள் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பெருங்குறை. அடுப்பைப் பற்றவைக்காமலிருப்பதே கோடையில் உண்மையான மிச்சம், ஏனெனில் அடுப்பு எரிவாயுவையும் செலவழித்து வீட்டையும் சூடாக்குகிறது. காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் மோரும், மாலையில் நுங்கும் வெள்ளரியும் தர்பூசணியும் என்று ஒரு நாளில் ஒரு வேளையாவது அடுப்பில்லாமல் கழியலாம். பள்ளிகளில் போட்டியாக நடத்தப்படும் அடுப்பில்லாச் சமையலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊறவைத்த அவலும் முளைகட்டிய பயறும் தேங்காய்த் துருவலும் கலந்து பிள்ளைகளே இரவுணவு செய்தால், அந்த வேளையின் எரிவாயுவோடு தாயின் அடுப்படி நேரமும் மிச்சமாகிறது.

அளந்து பார்ப்பதையே விளையாட்டாக்கும் ஒரு வழியும் உண்டு. இன்றைய மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3,200 என்று குறித்த மீட்டரில், பழைய விசிறி ஒன்று மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு நான்கு முறை மின்னும், பி.எல்.டி.சி. விசிறியானால் இரண்டு முறைகூட எட்டாது. குளிர்சாதனத்தின் கம்ப்ரசர் எழுந்த கணத்தில் மின்னல் படபடவென்று எண்பதுக்கு ஏறுகிறது. கையில் கடிகாரத்தோடு மீட்டருக்கு முன் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை, ஆளில்லாத அறையின் விசிறியைத் தானே ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்து மறுபடியும் எண்ணுகிறது. குளிர்சாதனத்தில் வைக்கும் வெப்பநிலையை ஒவ்வொரு பாகை உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சமாகும் என்று ஆற்றல் திறன் செயலகம் சொல்வதை அது தன் கண்ணாலேயே சோதித்துப் பார்க்கலாம்.

குளிர்ச்சியைப் பகிர்ந்துகொள்வதை அரசே ஒரு கொள்கையாக வளர்த்த நாடு ஜப்பான். 2011ஆம் ஆண்டு ஃபுகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின் அந்நாட்டில் மின்தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வீட்டுக் குளிர்சாதனங்களை நிறுத்திவிட்டு நூலகம், பூங்கா, ஓர் உறவினர் வீடு என ஒரே இடத்தில் கூடுமாறு ஊக்குவிக்கும் 'கூல் ஷேர்' இயக்கத்தை 2012இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கிற்று. தெருவில் நீர் தெளிக்கும் 'உச்சிமிசு' என்ற பழைய வழக்கத்தை 2003இலேயே தோக்கியோவில் ஒரு கூட்டு நிகழ்வாகப் புதுப்பித்திருந்தார்கள், அதுவும் பயன்படுத்திய நீரைக்கொண்டு. தமிழ்நாட்டில் இத்தகைய இயக்கம் இல்லையே தவிர அதற்கான இடங்கள் உண்டு. 2010இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளுக்கான பெரும் பகுதிகளோடு குளிரூட்டப்பட்ட கட்டடங்கள். எப்படியும் குளிர்ந்துகொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில் மேலும் நூறு பிள்ளைகள் வந்து அமர்வதால் கூடும் மின்செலவு, அந்த நூறு பேரின் வீடுகளில் மிச்சமாவதற்கு முன் சிறிது. கட்டடமே தேவைப்படாத கூடுகையும் உண்டு: சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் விடியலில் வைகையில் இறங்குவதற்கு முந்தைய இரவே மதுரையில் வீடுகள் காலியாகிவிடுகின்றன. வேடமிட்ட பக்தர்கள் தோல்பையில் நிரப்பிய நீரை அழகர்மீது பீய்ச்சியடிக்க, கூட்டத்தில் நிற்பவர்களும் நனைகிறார்கள். கடுங்கோடையின் நடுவே இரவு வழிபாட்டையும் நீர்விளையாட்டையும் ஊர்கூடுதலையும் ஒருங்கே வைத்த அமைப்பு அது.

இவற்றுக்கெல்லாம் எல்லைகள் உண்டு. இரவிலும் வெப்பம் தணியாத நாட்களில் முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் குளிரூட்டிய அறை உயிர்காக்கும் ஏற்பாடு. அங்கே சிக்கனம் பேசுவது அறமாகாது. 2019இல் இந்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் குளிர்சாதனம் உள்ள வீடுகள் அப்போது நூற்றுக்கு எட்டு என்றே மதிப்பிட்டது. தகரக் கூரையின் கீழ் ஒற்றை விசிறியோடு இருப்பவர்களுக்குக் குறைத்துக்கொள்ள ஏதும் இல்லை, அவர்களுக்குத் தேவை நிழலும் நீரும் திறந்தவெளியும்தான். திறந்தவெளி எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருப்பதும் இல்லை. இரவில் மாடியிலோ கடற்கரையிலோ அச்சமின்றி இருக்க ஒரு பெண்ணுக்கு முடியாத ஊரில், அவளது மிச்சம் ஆண்களின் மிச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும். தெருவிளக்கும் இரவுப் பேருந்தும் இந்த வகையில் மின்சிக்கனத்தின் கருவிகளே.

மொட்டை மாடியின் நிலைதான் இன்று மிகவும் கவலைக்குரியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் மாடிக் கதவு பூட்டப்பட்டிருக்கிறது. சாவி காவலாளியிடமோ சங்கச் செயலரிடமோ இருக்கிறது. திறந்திருக்கும் மாடிகளிலும் கைப்பிடிச் சுவரோரமாகக் குளிர்சாதனங்களின் வெளிப்பகுதிகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒன்றரை டன் கருவி ஒன்று முழுவேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து எடுத்த ஐந்து கிலோவாட் வெப்பத்தோடு தான் எடுத்துக்கொண்ட மின்சாரத்தையும் வெப்பமாக்கி, ஆறரை கிலோவாட் அளவுக்கு வெளியே தள்ளுகிறது. அத்தகைய பத்துக் கருவிகள் இரவு பத்து மணிக்கு ஒன்றாக இயங்கும் மாடியில், முன்பு பாய் விரித்த அதே மூலையில், அவற்றின் அனல்காற்றில் யாரும் படுக்க முடியாமல், கீழே மற்றொரு வீட்டில் பதினோராவது கருவி வாங்கப்படுகிறது.